இருநூறு கிராம் பொத்தான்

எங்கள் கடையில் அவசர வேலை கிடையாது. நான் சொல்லவில்லை, கல்லாவுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது: 'அவசரம் என்றால் அடுத்த தெரு.' ஒட்டியவள் என் ஓரகத்தி, அதாவது என் புருஷனுடைய தம்பியின் பெண்டாட்டி. வாயும் கையும் ஒரே கூர்மை என்பதால் எல்லோருக்கும் அவள் ஊசி. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பஸ் நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான அறை. இரண்டு தையல் மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின், என் இஸ்திரி மேஜை, துணி மாட்டுகிற நீளக் கம்பி, கடைசியில் திரை போட்ட ட்ரையல் ரூம். அதற்குள் மூன்று பக்கமும் தெரிகிற கண்ணாடி. நாங்கள் புதிதாக எதையும் தைப்பதில்லை. யாரோ தைத்ததை, யாரோ வாங்கியதை, போட்டுக்கொள்பவர் உடம்புக்குச் சரி செய்து தருவதுதான் பிழைப்பு. ஊசி தைப்பாள். நான் இஸ்திரி போடுவேன், சீட்டு எழுதுவேன், எல்லோர் கதையையும் கேட்பேன்.

ஊசி முதலில் ரெடிமேட் கம்பெனியில் இருந்தவள். நான்கு வருஷம் இடது பக்கக் காலர் மட்டும் தைத்திருக்கிறாள். வலது பக்கம் வேறொருத்தி. "ஒரு சட்டையோட மூஞ்சியைக்கூட முழுசா பாத்ததில்லக்கா" என்பாள். கல்யாணமாகி வந்த மறு வருஷமே வேலையை விட்டுவிட்டு, என்னையும் கிளப்பிக்கொண்டு இந்தக் கடையைப் போட்டாள். இருபது வருஷம் ஆகிறது. இன்றுவரை நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கவில்லை என்பதே பெரிய சாதனை.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. இறுக்கிப் பிடிக்கிற வேலையும் பிரித்துத் தளர்த்தி விடுகிற வேலையும் ஒரே துணியில் ஒரே நாளில் செய்ய மாட்டாள். தோளைப் பிடித்துத் தூக்கினால் துணி ஒரு பக்கம் இழுக்கும். மார்பில் பிரித்து விட்டால் இன்னொரு பக்கம் இழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட தையல் யார் பேச்சைக் கேட்கும்? கடை ஆரம்பித்த புதிதில் ஒரு மேனேஜரம்மாவின் கோட்டில் இரண்டையும் ஒரே மதியத்தில் செய்து கொடுத்தாள். அந்தம்மா ஆபீஸ் கூட்டத்தில் கையைத் தூக்கிப் பேசியபோது கோட்டு டர்ரென்று வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து முதலில் ஒரு வேலை, பிறகு கம்பியில் இரண்டு நாள் தொங்கவிடுவது, துணி இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த வேலை. எந்த மகாராணி வந்து அழுதாலும் இதில் மாற்றமில்லை.

இப்படிப்பட்டவள், போன வருஷம் பள்ளிச் சீருடைக் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம், வாயில் நான்கு குண்டூசியை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, நான் மார்ல ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்."

கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை யாருடைய பேன்ட் மேலோ அப்படியே வைத்துவிட்டேன். "ஐயையோ! கட்டியா?"

"கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கிக் கட்டி, உள்ள கொஞ்சம் வெச்சுக்கப் போறேன். பேன்ட்டு கருகுது பாரு."

கருகித்தான் போனது. அந்தப் பேன்ட்டுக்காரர் எங்களோடு இன்னும் பேசுவதில்லை.

விஷயம் என்னவென்றால், ஊசிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். இரண்டும் இரண்டு வருஷம் மாறி மாறிப் பால் குடித்தன. அதற்குப் பிறகு அவள் பூசணிக்காய் மாதிரி ஊதினாள். பிறகு ஒருநாள் ரோஷம் வந்து நடக்க ஆரம்பித்து, ஒன்றரை வருஷத்தில் இருபத்து நான்கு கிலோ இறக்கினாள். உடம்பு இறங்கியது, மார்பு அதைவிட வேகமாக இறங்கியது. "பஞ்சை உருவிட்டுத் தூக்கிப் போட்ட தலகாணி உறை மாதிரி இருக்குக்கா" என்று அவளே சொல்வாள். சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குக் கீழே இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"நாப்பத்திநாலு வயசுல யாருக்குடி காட்டணும்?" என்றேன்.

"எனக்கு."

"நீதான் தெனம் பாக்கிறியே."

"எங்க பாக்கிறேன்? அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னு ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் குண்டூசி குத்திச் சரி பண்றேன். நடுவுல நான் தெரிஞ்சா தலையைக் குனிஞ்சுக்கறேன். பத்தொம்பது வருஷம் குனிஞ்சது போதும்."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. பொறாமையா என்றால், ஆமாம், கொஞ்சம். நான் என் உடம்போடு சண்டை போட்டு, தோற்று, சமாதானமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. இவள் மட்டும் எதற்கு மறுபடி வழக்குப் போடுகிறாள்? அதோடு பயமும் இருந்தது. மயக்கம், கத்தி, தையல். இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த நீள அறையில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

அவள் புருஷன், என் கொழுந்தன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுவதால் அவனுக்குப் பெயர் ஹாரன். விஷயத்தைக் கேட்டதும் ஆச்சரியமாகச் சத்தமே போடவில்லை. பெரிய மனதோடு, "எனக்கு இது இப்படியே புடிச்சிருக்கு" என்றான்.

"உங்களுக்குப் புடிச்சிருந்தா நீங்க வெச்சுக்கோங்க" என்றாள் ஊசி.

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் சொல்லி இவ எதைக் கேட்டிருக்கா? உன்னைக் கட்டிக்காதேன்னுகூடத்தான் சொன்னேன்" என்றேன்.

பெண்கள் இரண்டில் ஒன்று "அம்மா, சூப்பர்!" என்றது, மற்றது "அய்யே!" என்றது. இரட்டையாகப் பிறந்தும் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போகுமா என்றால், போகாது.

ஊசி அளவெடுக்காமல் எதையும் செய்கிறவள் இல்லை. உள்ளே எவ்வளவு வைத்துக்கொள்வது என்று கண்டுபிடிக்க அவள் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடையில் சட்டைப் பொத்தான் டப்பா டப்பாவாகக் கிடக்கும். இரண்டு பாலிதீன் பையில் பொத்தானை நிரப்பினாள். பக்கத்துக் காய்கறிக்காரர் தராசில் வைத்து ஒவ்வொன்றும் முந்நூற்றைம்பது கிராம் என்று எடை பார்த்தாள். "எத்தனை சட்டைம்மா தைக்கப் போறே?" என்று அவர் கேட்டதற்கு, "ஒரே சட்டைதாண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டையும் பிராவுக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலை பார்த்தாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒன்றுமில்லை. குனிந்தால் சலசல. மிஷினை மிதித்தால் சலசல. ஒரு டீச்சரம்மாவுக்குப் பாவாடை விளிம்பில் குண்டூசி குத்தக் குனிந்தபோது மழை பெய்கிற மாதிரி சத்தம்.

"என்னங்க சத்தம் அது?" என்றார் டீச்சரம்மா.

"மிஷினுங்க. எண்ணெய் விடணும்" என்றேன்.

"மிஷின் அந்தப் பக்கம்ல இருக்கு?"

ஊசி குனிந்த தலை நிமிராமல் குலுங்கினாள். குலுங்கியதில் இன்னும் சலசல.

டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். ஆதரவுக்கு என்று அவள் நினைத்தாள். வேவு பார்க்க என்று எனக்குத் தெரியும். கிளினிக் மூன்றாவது மாடியில். கீழே 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்று ஒரு பலகை.

"உன்னைத் தூக்கிவிடப் போறவங்களால அதையே தூக்க முடியல. யோசிச்சுக்கோ" என்றேன்.

"மூடிட்டு ஏறு."

டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமான ஆள். ஊசியை நிற்க வைத்துக் கழுத்துக்குழியிலிருந்து டேப் பிடித்து அளந்தார். "டாக்டர், டேப்பு முறுக்கியிருக்கு. அரை இஞ்சு தப்பாக் காட்டும்" என்றாள் ஊசி. அந்தம்மா டேப்பைப் பார்த்தார், முறுக்கை எடுத்தார், மறுபடி அளந்தார். சரியாக அரை இஞ்சு வித்தியாசம். அதற்குப் பிறகு ஊசியிடம் தொழில்காரியிடம் பேசுகிற மாதிரியே பேசினார்.

"ரெண்டையும் ஒரே மூச்சுல முடிச்சிருங்க டாக்டர். ஒரே மயக்கம், ஒரே லீவு" என்றாள் ஊசி.

"ஒண்ணா பண்றது தப்பில்ல. நெறைய பேருக்குப் பண்றேன்" என்றார் டாக்டர். "ஆனா உங்களுக்கு எறக்கம் அதிகம், தோலும் மெல்லிசு. தூக்கிக் கட்டணும்னா தோலை வெட்டி இறுக்கணும். இம்ப்ளான்ட், அதான் அந்த சிலிகான் பை, வெச்சா அது உள்ளேயிருந்து தோலைத் தள்ளும். ஒரே சமயத்துல ஒண்ணு இறுக்குது, ஒண்ணு தள்ளுது. காயம் விரியலாம், ரத்த ஓட்டம் குறையலாம், வடிவம் மாறிப்போய்த் திரும்ப வர வேண்டியிருக்கலாம். முதல்ல தூக்கிட்டு, ஆறு மாசம் விட்டு, தோல் நல்லா உட்கார்ந்ததும் இம்ப்ளான்ட் வெச்சா பாதுகாப்பு. அளவையும் அப்ப பாத்து முடிவு பண்ணலாம்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. "டாக்டர், இதேதான் இவ கடையில சட்டம்! பிடிக்கிறதும் விடுறதும் ஒரே நாள்ல கெடையாது. கம்பியில தொங்கவிட்டுத்தான் அடுத்தது."

"பாத்தீங்களா" என்றார் டாக்டர்.

ஊசியின் முகம் விழுந்துவிட்டது. "அது துணி டாக்டர்" என்றாள். அவளுக்கே அது எடுபடவில்லை. யோசித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது மாடி திருப்பத்தில் அவள் நின்றாள். கண் கலங்கியிருந்தது. ஊசி அழுது நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை.

"உனக்கு இப்ப சந்தோஷம்தானே?" என்றாள்.

"நான் என்னடி பண்ணேன்?"

"ரெண்டாப் பிரிச்சா நடுவுல ஆறு மாசம் இருக்கு. ஆறு மாசமும் நீ, அவரு, எல்லாருமா சேர்ந்து என்னைப் பிச்சு எடுப்பீங்க. இதுவே நல்லாருக்கு, இதோட விடுன்னு. கடைசியில நானும் சரின்னுடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? கம்பெனியில வலது காலர் தைக்கணும்னு நாலு வருஷம் ஆசை. மேஸ்திரி வேணாம்னாரு, சரின்னுட்டேன். ஒண்ணாப் பண்ணிட்டா நான் மயக்கத்துல கெடப்பேன், யாரும் வந்து நடுவுல தடுக்க முடியாது. நீ ரெண்டாப் பிரிக்கச் சொல்றதே அதுக்குத்தான்."

"சேச்சே!" என்றேன். முழுப் பொய். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போட்ட கணக்கு அதுதான். முதல் தடவை வலித்தால் இரண்டாவதை மறந்துவிடுவாள். பாதியோடு தப்பித்தோம் என்று.

ஒரு வாரம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எட்டாவது நாள் ஒரு பழைய கவுனின் உள்துணியை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு நைந்த துணி. தோளைப் பிடித்து ஒரு தையல், மார்பில் பிரித்து ஒரு தையல், இரண்டும் அடுத்தடுத்து. மூலையில் நிற்கிற தையல் பொம்மைக்கு மாட்டி, முந்நூற்றைம்பது கிராம் பொத்தானையும் உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் தையல் ஓரமெல்லாம் இழை இழையாக விலக ஆரம்பித்தது.

"சனியன்" என்றாள். பிறகு சீட்டுப் புத்தகத்தை இழுத்துத் தன் பேருக்கே ஒரு சீட்டு எழுதினாள். 'தூக்கல்: உடனே. தொங்கவிடவும். நிரப்பல்: ஆறு மாதம் கழித்து.' அதை ஒரு காலி ஹேங்கரில் குத்தி, கம்பியின் கடைசியில் மாட்டினாள்.

"இதை நீ கிழிக்கக் கூடாது" என்றாள்.

"நான் ஏன் கிழிக்கிறேன்?" என்றேன்.

முதல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நாட்களில் மிஷினில் நான் உட்கார்ந்தேன். ஒருவருக்குப் பேன்ட்டின் ஒரு காலை மட்டும் இரண்டு இஞ்சு குட்டையாக்கிக் கொடுத்தேன். அவர் போட்டுக்கொண்டு ஒரு காலை மடக்கி நின்று பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்த ஊசி சிரித்தாள், சிரித்ததில் தையல் வலித்து என்னைத் திட்டினாள்.

வீக்கம் வடிந்து, தழும்பு ஆறி, எல்லாம் அதன் அதன் இடத்தில் உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால் அழகாகவே இருந்தது. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. மேல்பக்கம் மட்டும் தட்டையாக, நிறைவில்லாமல் இருந்தது. ஆனால் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

அவள் சொன்னது அப்படியே நடந்தது. ஹாரன், "அட, நல்லாத்தானே இருக்கு. போதுமே" என்றான். முதலில் 'சூப்பர்' என்று சொன்ன மகள்கூட, "இன்னொரு தடவை வேணாம்மா, பயமா இருக்கு" என்றாள். நான் தினமும் டீயோடு சேர்த்துக் கொடுத்தேன். "போதும் ஊசி. இதுவே நல்லாருக்கு. எதுக்கு மறுபடி கத்தி?" ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது மாதம் முடியப்போகிற சமயத்தில், நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்:

"போதும்க்கா. இதோட விட்டுடலாம். அந்தச் சீட்டைக் கிழிச்சிரு."

ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கம்பி வரைக்கும் போனேன். சீட்டைக் கையில் பிடித்தேன். கிழிக்க வரவில்லை.

இந்தக் கடையில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை 'போதும்' என்ற சொல்லைக் காதால் எடை போடுவது. ட்ரையல் ரூமுக்குள்ளிருந்து அது இரண்டு விதமாக வரும். ஒன்று, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திருப்திப்பட்டுச் சொல்வது. இன்னொன்று, திரைக்கு வெளியே வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிற புருஷன் காதில் விழுவதற்காகச் சொல்வது. இரண்டாவதைச் சொல்கிறவள் துணியை வாங்கிக்கொண்டு போவாள், ஆனால் போட மாட்டாள். ஊசி நூல் கோத்துக்கொண்டே சொன்னது இரண்டாவது ரகம். அவளுக்கு எதிரில் யாருமில்லை, இஸ்திரிப் பெட்டியோடு நான் மட்டும்தான் இருந்தேன்.

சீட்டை அப்படியே விட்டேன். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

நான்கு நாள் கழித்து, பக்கத்துத் தெருவில் இஸ்திரி போட்ட துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கடையில் யாரையும் காணோம். மிஷின் நின்றிருந்தது. ட்ரையல் ரூம் திரை மூடியிருந்தது. வாடிக்கையாளர் செருப்பு எதுவும் வாசலில் இல்லை, ஊசியின் தேய்ந்த செருப்பு மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தது. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து சலசல.

ஒரு தடவை நின்றது. பக்கவாட்டில் திரும்பியிருப்பாள் போல, மறுபடி சலசல. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மூன்று பக்கக் கண்ணாடி முன்னால் ஊசி தலையைக் குனியாமல் நிற்கிறாள். எனக்கு அது திரையைத் தாண்டித் தெரிந்தது.

திரைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். பழக்கதோஷம். எப்போதும் ஒரு புருஷன் நிற்பான், இல்லையென்றால் மாமியார். இன்று நின்றது நான். ஆறு மாதமாக நான்தான் நின்றிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

"ஏய்" என்றேன். "எவ்வளவு போட்டிருக்கே?"

உள்ளே பொத்தான் ஒரு தடவை சலசலத்தது. பிறகு சன்னமாக, "இருநூறு."

"முந்நூத்தம்பதுன்னு குதிச்சே?"

"அது முன்னாடி. இப்பத்தான் தூக்கியாச்சே." சலசல. "இப்ப இருநூறே போதும்க்கா."

அந்தப் 'போதும்' முதல் ரகம். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், அதில் சந்தேகமே இல்லை. எனக்கு அழுகை வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினேன். அவள் உள்ளேயிருந்து, "என் துணியில துடைக்காதே" என்றாள்.

நான் கம்பியிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். கிளினிக்குக்குப் போன் போட்டு, இரண்டாவது ஆபரேஷனுக்கு எப்போது தேதி கிடைக்கும் என்று கேட்டேன். அங்கே எடுத்த பெண், அடுத்த மாதம் பார்த்துச் சொல்கிறோம், அவசரம் ஒன்றும் இல்லையே என்றாள்.

தலைக்கு மேலே ஒட்டியிருந்த கொட்டை எழுத்தைப் பார்த்துக்கொண்டே, "அவசரம்தாம்மா" என்றேன்.